அம்மாவை நினைத்தால் ஆஸ்பத்திரி முகம்தான் வருகிறது

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு 43 வயது. சொந்த ஊர் மேலூர் பக்கம். இப்போது கணவர், பிள்ளைகளோடு கோவையில் இருக்கிறேன். அம்மா இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது, கணவனை இழந்தவர் என்பதால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்குச் சமையல் வேலை கிடைத்தது. அந்தச் சொற்பச் சம்பளத்திலும், லீவு நாளில் களையெடுக்கப் போன கூலியிலும்தான் அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார். ஓய்வு பெறும்வரை அதே அடுப்படிதான். அம்மாவின் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, ‘ஆயாம்மா’ என்றால்தான் தெரியும். வாய் கொஞ்சம் காரம். என் பிள்ளைகளுக்கு மட்டும் அம்மாச்சி ஒரு அதட்டல் போட்டதில்லை. இரண்டு பேரையும் வளர்த்துக் கொடுத்ததே அவர்தான்.

பக்கவாதம் வந்து கடைசி வாரங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்தன. வாயில் குழாய், வீங்கிய முகம், கட்டிலோடு கட்டிய கை. இப்போது அம்மாவை நினைத்தாலே அந்த முகம்தான் வருகிறது. இத்தனை வருஷம் பார்த்த முகம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“தலைத்திவசத்துக்கு அம்மாவைப் பத்தி நாலு வார்த்தை எழுதிட்டு வா, எல்லாரும் இருக்கும்போது படிக்கலாம்” என்கிறார் அண்ணன். உட்கார்ந்தால் ‘அன்பானவர், உழைப்பாளி’ என்பதற்கு மேல் ஓடவில்லை. அது எந்த அம்மாவுக்கும் பொருந்துமே. பெரியம்மாவோ, “நீ இப்பிடி அழுதுக்கிட்டே இருந்தா அவ எப்பிடி நிம்மதியாப் போவா?” என்கிறார்.

5 வயது மகன், “அம்மாச்சி சாமிகிட்ட இருந்து எப்ப வரும்?” என்று கேட்கிறான். 13 வயது மகள், பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் தோழியோடு போனில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் அம்மாச்சியை மறந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

– ஒரு மகள், கோவை

*

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் அம்மாவின் பழைய முகம் எங்கும் போய்விடவில்லை. பயமும் பதற்றமுமாக இருக்கும்போது பார்த்ததை மூளை அழுத்தமாகப் பதித்துக்கொள்ளும், வேண்டாம் என்றாலும் அதையே முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்த பலர் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நாளாக ஆக அந்தக் காட்சியின் வேகம் குறைகிறது. அதை விரட்ட முயன்றால் இன்னும் அடிக்கடி வரும். வந்தால் வரட்டும், அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மற்ற நினைவுகள் வருவதற்கு வழி செய்யுங்கள்.

‘அம்மா எப்படிப்பட்டவர்?’ என்று மனசைக் கேட்டால் ‘உழைப்பாளி’ என்றுதான் பதில் வரும். கேள்வி அப்படி. சின்னதாகக் கேளுங்கள். மழையில் விறகு நனைந்த நாளில் அம்மா என்ன செய்வார்? சோற்றுப் பதம் எப்படிப் பார்ப்பார்? பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியதும் சேலையில் என்ன வாசம் வரும்? கோபம் வந்தால் முதலில் வாயில் வரும் வார்த்தை என்ன? நினைவுகள் இப்படி வாசனையையும் இடத்தையும் பொருளையும் பிடித்துக்கொண்டுதான் வரும். முடிந்தால் திவசத்துக்கு முன்பே ஒருநாள் ஊருக்குப் போய் அந்தச் சத்துணவுக் கூடத்தின் பக்கம் நின்று பாருங்கள்.

அப்புறம், உங்களுக்குத் தெரியாத அம்மா ஒருவர் இருக்கிறார். நீங்கள் இடுப்பில் இருந்த வயதில் அவர் எப்படி இருந்தார் என்பது பெரியம்மாவுக்குத்தான் தெரியும். வேலைக்குப் போன முதல் நாள் அண்ணனுக்கு ஞாபகம் இருக்கலாம். அவர் கையால் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு இன்றைக்கு நாற்பது, ஐம்பது வயது. 1989-இல் சத்துணவில் முட்டை வந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்றுதான். அந்த முட்டையை உங்கள் அம்மா கையால் வாங்கியவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்! “ஆயாம்மா உங்களுக்கு என்ன செய்தார்?” என்று அவர்களிடம் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். நாலு வார்த்தை என்ன, நாற்பது பக்கம் வரும். ஒரு பெண் ஒரு ஊருக்கே இத்தனை வருஷம் சோறு போட்டிருக்கிறார். அது பதிவாக வேண்டிய வாழ்க்கை என்று நான் மனதார நம்புகிறேன். அவருடைய காரமான வாயையும் விட்டுவிடாதீர்கள். அதை எடுத்துவிட்டால் கேட்பவர்களுக்கு அது அவர்தானா என்றே சந்தேகம் வந்துவிடும்.

பெரியம்மா சொன்னது அன்பில் சொன்னது. ஆனால் அழுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. இறந்தவரோடு இருந்த பந்தத்தை அறுத்துக்கொண்டால்தான் துக்கம் தீரும் என்று உளவியலிலும் ஒரு காலத்தில் சொன்னார்கள். ஃப்ராய்டு 1917-இல் எழுதியதிலிருந்து பல பத்தாண்டுகள் அந்த எண்ணம் நீடித்தது. 1990-களில் வந்த ஆய்வுகள் அதை மாற்றின. இறந்தவரோடு உள்ள உறவு வேறு விதமாகத் தொடரலாம், அது இயல்புதான் என்று இப்போது ஏற்றுக்கொள்கிறோம். அமாவாசைக்கு அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறோமே, அதுவும் அந்த உறவுதான். திவசப் படையலுக்கு அம்மாச்சிக்கு என்னென்ன வைக்கலாம் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

மகனிடம் ‘சாமிகிட்டப் போயிருக்காங்க’ என்றால், போனவர் திரும்பி வருவார் என்றுதான் அவன் புரிந்துகொள்வான். இறந்தவர் திரும்ப மாட்டார் என்பது பொதுவாக 5 முதல் 7 வயதுக்குள்தான் பிள்ளைகளுக்கு மெல்லப் பிடிபடும். “அம்மாச்சி செத்துப்போயிட்டாங்க. உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. இனி வர மாட்டாங்க. ஆனா நாம அவங்களைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்கலாம்” என்று நேராகச் சொல்லுங்கள். ‘தூங்குகிறார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், சில பிள்ளைகள் தூங்கவே பயப்படுவார்கள். மறுபடி மறுபடி கேட்பான். அலுக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள்.

மகள் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். துக்கத்தில் இருப்பவர்கள் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார்கள் என்று ஸ்ட்ரோப், ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கினார்கள். உங்கள் மகள் எழுந்து போவதும் சிரிப்பதும் அதுதான். அம்மா உடைந்துவிடுவாளோ என்று பயந்துகூடப் போகலாம். எதிரே உட்கார வைத்துப் பேசாதீர்கள். அம்மாச்சியின் போட்டோக்களைத் தேடி எடுக்கும் வேலையைக் கொடுங்கள், விருப்பமிருந்தால் செய்யட்டும்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். பெரியவர்களுக்கு ஒரு வருஷம் தாண்டியும் ஏக்கம் அநேகமாக எல்லா நாளும் அதே வேகத்தில் இருந்து, வேலையோ வீடோ ஓடவில்லை என்றால் அதை நீடித்த துயரக் கோளாறு என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் தன் பட்டியலில் சேர்த்தது. அதற்குச் சிகிச்சை உண்டு. தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் ஒரு வருஷம் ஆகட்டும் என்று காத்திருக்காமல், அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

திவசத்தன்று முழுவதையும் நீங்களே படிக்க வேண்டும் என்பதில்லை. பாதியில் தொண்டை அடைத்தால் தாளை வாங்கிப் படிக்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அண்ணனிடம் இப்போதே கேட்டு வையுங்கள். மகளும் தயார் என்றால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்