அணைத் தண்ணீரும் ஆற்று மீனும்: கேள்வி பதில்

மின்சாரத்துக்காக அணைத் தண்ணீரை ஏற்றி இறக்கினால் மீன்களுக்கு என்ன ஆகும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் மேல் நிற்கும் கிளென் கேன்யன் அணையை வைத்தே பெரும்பாலும் பதில் சொல்கிறேன். 1963இல் தண்ணீர் தேக்கத் தொடங்கியதிலிருந்து அங்கே நடந்தது விலாவாரியாகப் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: டர்பைனைச் சுற்றிவிட்டு அதே தண்ணீர்தானே சார் ஆற்றுக்கு வருகிறது? மீனுக்கு என்ன நஷ்டம்?

அதே தண்ணீர்தான், ஆனால் எந்த ஆழத்துத் தண்ணீர் என்று பாருங்கள். கோடையில் கிணற்றில் குதித்தவர்களுக்குத் தெரியும்: மேலே வெதுவெதுப்பாக இருக்கும், இரண்டு ஆள் ஆழம் போனால் கால் சில்லிடும். கிளென் கேன்யனில் ஏரி நிரம்பியிருந்தால் டர்பைனுக்குப் போகும் குழாயின் வாய் 230 அடி ஆழத்தில் இருக்கும். அணைக்கு முன் கோடையில் 25 டிகிரியைத் தாண்டிய ஆறு, அணைக்குப் பின் பல பத்தாண்டுகள் வருஷம் முழுக்க 8, 10 டிகிரியிலேயே ஓடியது. அங்கே ஹம்ப்பேக் சப் என்று முதுகில் திமில் வைத்த நாட்டு மீன் ஒன்று உண்டு. அது முட்டையிட 16 டிகிரியாவது வேண்டும். பெரிய ஆறு கைவிட்டதும், லிட்டில் கொலராடோ என்ற வெதுவெதுப்பான கிளை ஆறுதான் அந்த இனத்தைக் காப்பாற்றியது. அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த வேறு சில நாட்டு மீன்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கேள்வி: மின்தேவைக்கு ஏற்ப ஒரே நாளில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்தால்?

மீனைவிட முதலில் அடிபடுவது மீனின் சாப்பாடு. ஆற்றுப் பூச்சிகள் பல, தண்ணீர் தொடும் விளிம்பில் பாறையில் முட்டை ஒட்டும். மாலையில் உயர்ந்த மட்டத்தில் ஒட்டிய முட்டை, சில மணி நேரத்தில் தண்ணீர் இறங்கியதும் வெயிலில் காய்ந்துபோகும். 1996க்குப் பிறகு ஒரு நாளின் ஏற்ற இறக்கத்துக்கு விநாடிக்கு 8,000 கன அடி என்று உச்ச வரம்பு போட்டார்கள். 2018இல் இன்னொன்றையும் முயன்றார்கள்: மே முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறுகளில் மட்டும் தண்ணீரைக் குறைவாக, ஒரே மட்டத்தில் விடுவது. தாழ்ந்த மட்டத்தில் இட்ட முட்டை திங்கள்கிழமை தண்ணீர் ஏறினாலும் நனைந்தபடியே இருக்கும். வார இறுதியில் மின்தேவையும் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது, செலவு கம்மி.

கேள்வி: மொத்தமாக ஒரு வெள்ளம் விட்டால் சரியாகாதா?

விட்டார்களே. 1996இல் விநாடிக்கு 45,000 கன அடி, ஏழு நாள். அடியில் கிடந்த மணல் எழும்பிக் கரையில் திட்டாகப் படிந்தது. அந்தத் திட்டுகளுக்குப் பின்னால் தேங்கும் நீர் மீன்குஞ்சுகளுக்கு ஒதுங்க இடம். ஆனால் புது மணலை ஏரி பிடித்து வைத்துக்கொள்கிறது. திட்டுகள் மெல்லக் கரைகின்றன. அதனால் கீழே சேரும் கிளை ஆறுகள் மணல் கொண்டு வந்த பிறகு பார்த்து வெள்ளம் விடுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் ஏரி வற்றினால் மீனுக்கு நல்லதா அண்ணா?

கொஞ்ச காலம் நல்லதாகத்தான் இருந்தது. வறட்சியில் ஏரி இறங்க, மேல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணீர் குழாய்க்கு அருகே வந்தது. திமில் மீன் பெருகியது. 2021இல் அதை 'அழியும் நிலை'யிலிருந்து, ஆபத்து ஒரு படி குறைந்த பட்டியலுக்கு மாற்றினார்கள். அப்புறம் வந்தது வினை. ஏரியில் இருந்த ஸ்மால்மவுத் பாஸ் என்ற வேட்டை மீன் 2022இல் அணைக்குக் கீழே குஞ்சு பொரித்தது. அதற்கும் முட்டையிட ஏறக்குறைய அதே 16 டிகிரி போதும்! 2024இல் இன்னும் ஆழத்திலுள்ள குழாய்களைத் திறந்து, ஆற்றை 15.5 டிகிரிக்குக் கீழே வைக்கப் பார்த்தார்கள். அந்தக் குழாய்களில் டர்பைன் கிடையாது, அவ்வளவு மின்சாரமும் நஷ்டம். நாட்டு மீனைக் காக்க அதே பழைய குளிர்.

கேள்வி: நம்ம மேட்டூரில்?

அங்கே முதல் அடி சுவரிலேயே விழுந்தது. கடலிலிருந்து முட்டையிடக் காவிரியில் ஏறி வந்த ஹில்சா மீனுக்கு, 1934இல் அணை கட்டி முடித்த பிறகு மேலே வழியில்லை. மேட்டூரில் திறப்பை முடிவு செய்வது முக்கியமாகப் பாசனம். மின்சாரம் அதன் பின்னாலேயே வருகிறது. அதனால் அமெரிக்கக் கணக்கை அப்படியே போட முடியாது.

கேள்வி: டர்பைனில் சிக்கினால் மீன் அரைபட்டுச் செத்துவிடாதா?

நிறையச் சாகும், எல்லாம் சாகாது. மேலே சொன்ன பாஸ் மீன் பின்னே எப்படிக் கீழே வந்ததாம்?