ஸ்காட்லாந்து பிரிட்டனிலிருந்து பிரிந்தால் காற்றாலை வருமானம் மட்டும் போதுமா?

"காற்று அவர்களுடையது, அப்போது பணமும் அவர்களுடையதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு நேரடியாக இல்லை.

2022-ல் ஸ்காட்லாந்து தன் மொத்த மின் நுகர்வைவிட அதிகமாகவே புதுப்பிக்கத்தக்க மின்சாரம் தயாரித்தது. சரி, வளம் உண்மை. ஆனால் காற்றாலைகளுக்கான மானியச் செலவு பிரிட்டன் முழுவதும் உள்ளவர்களின் மின் கட்டணத்தில் சேர்கிறது. பிரிட்டன் மக்கள்தொகையில் ஸ்காட்லாந்தின் பங்கு சுமார் 8 சதவீதம்; ஆக, சுமையில் பெரும்பகுதி மற்றவர்கள் மேல்தான். பிரிந்தபின் அந்தச் சுமையை யார் ஏற்பது? பிரிவதா வேண்டாமா என்று 2014-ல் ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்பின்போது லண்டனில் உள்ள பிரிட்டன் அரசு எழுப்பிய வாதம் இதுதான். இங்கிலாந்துக்கும் அந்த மின்சாரம் தேவை என்றார்கள் பிரிவினை ஆதரவாளர்கள். இரண்டிலும் நியாயம் உண்டு.

அப்புறம் மின்கம்பிப் பிரச்சினை. தெற்கே இங்கிலாந்துக்குச் செல்லும் மின் தடங்கள் நிரம்பிவிட்டால், காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி அதற்குப் பணமும் கொடுக்கிறார்கள்!

எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து அரசுக்கு நேராக வருவது கடற்படுகைக் குத்தகைப் பணம். 2022-ல் கடல் காற்றாலைகளுக்கு இடம் குத்தகைக்கு விட்ட ஸ்காட்விண்ட் சுற்றில் சுமார் 70 கோடி பவுண்டு கிடைத்தது. விலைக்கு உச்சவரம்பு வைத்து மலிவாகக் கொடுத்துவிட்டார்கள் என்ற விமர்சனம் இன்னும் ஓயவில்லை. முதலீட்டாளர்களில் பலர் வெளிநாட்டு நிறுவனங்கள் வேறு. என் கணிப்பில், உச்சக்காலத்து வட கடல் எண்ணெய்போல் கஜானாவில் வரி கொட்டும் தொழில் இது இல்லை.