‘பம்பிங் 35 சதவீதம்’ என்றால் இதயம் நின்றுவிடுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது எக்கோவில் ‘பம்பிங் 35 சதவீதம்’ என்கிறார்கள். இதயம் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறதா? பி.பி. 100/60 தான் இருக்கிறது, ஆனாலும் பி.பி. மாத்திரை கொடுக்கிறார்கள். சர்க்கரையே இல்லாதவருக்கு சர்க்கரை மாத்திரை வேறு. இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் தூங்க முடிகிறது. மாத்திரைகளைக் குறைத்துவிடலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: எதையும் நீங்களாகக் குறைக்காதீர்கள். எண்ணைப் பற்றிய பயத்தை முதலில் போக்கிவிடலாம். நல்ல இதயத்துக்கும் பம்பிங் 100 வராது. இடது கீழறை நிரம்பும்போது சுமார் 120 மி.லி. ரத்தம் இருக்கும், ஒரு துடிப்பில் 70 மி.லி. வெளியே போகும். 58 சதவீதம், அதுதான் நார்மல். மாரடைப்பில் தசை பழுதானதும் அறை விரிகிறது. 180 மி.லி. கொள்ளும் அறையிலிருந்து 35 சதவீதம் போனாலும் 63 மி.லி. கிடைத்துவிடும். ஆகவே உட்கார்ந்திருக்கும்போது அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். சிக்கல் வேறிடத்தில்: விரிந்த அறைக்குள் அழுத்தம் ஏறி, பின்னால் நுரையீரலில் நீர் தேங்குகிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு 35-ஐவிட முக்கியமாகப் பட்டது அந்த இரண்டு தலையணைதான். படுத்ததும் கால் பக்கம் தங்கிய நீர் மார்புக்குத் திரும்புவதால் மூச்சு முட்டுகிறது. நீர் பிரியும் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல், ஓரிரு நாளில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி மாத்திரைகள். பம்பிங் குறைந்ததும் உடம்பு, ரத்தம் போதவில்லை என்று நினைத்து, உப்பைப் பிடித்துவைக்கும், நாடியைக் கூட்டும் ஹார்மோன்களைச் சுரக்கிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் இதயத் தசை மேலும் கெடும். ராமிபிரில் அல்லது சாக்குபிட்ரில்-வால்சார்டான், மெட்டோபிரோலால் வகை, ஸ்பைரனோலாக்டோன் ஆகியவை இதைத்தான் தடுக்கின்றன, பி.பி.யைக் குறைப்பது இங்கே நோக்கமே இல்லை. தலைசுற்றல் இல்லாத 100/60 பிரச்சினை இல்லை. எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் டாக்டர் மாத்திரை போடும் நேரத்தை மாற்றுவார், வேறு மருந்தைக் குறைப்பார். மெட்டோபிரோலாலை மட்டும் திடீரென்று நிறுத்தவே கூடாது. மறுபடி நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகும்.

சர்க்கரை மாத்திரை என்றது டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசினாக இருக்கும். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இதயச் செயலிழப்பில் (இதயம் நின்றுபோவதல்ல, உங்கள் அப்பாவுக்கு இருப்பதுபோல் இதயம் பலவீனமாவது) பலன் தருவதால் கொடுக்கிறோம். தனியாகச் சாப்பிட்டால் லோ சுகர் வருவது அபூர்வம். சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம், தினமும் கழுவி ஈரமின்றி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வாந்தி, பேதி, பட்டினி நாட்களில் இதை நிறுத்திவைக்க வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் பொதுவாக மூன்று நாள் முன்பே. இந்த விவரத்தைச் சொல்லாமல் அனுப்பிவிடுவதுதான் அதிகம்.

வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். கால் வீங்குவதற்கு முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். உடனே போன் செய்யுங்கள்.

உப்பு நாள் முழுவதற்கும் தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு வேண்டாம். இந்துப்பும் உப்புதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ இன்னும் ஆபத்து: அதில் இருப்பது பொட்டாசியம். ராமிபிரில், ஸ்பைரனோலாக்டோனுடன் சேர்ந்தால் பொட்டாசியம் எகிறி இதயத் துடிப்பு தாறுமாறாகும். தினமும் இளநீர் குடிப்பதும் அப்படித்தான். இந்த மருந்துகளை ஆரம்பித்தோ அளவைக் கூட்டியோ ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பார்த்தார்களா என்று கேளுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போட வேண்டாம். இரண்டுமே நீரைத் தேக்கும். பாராசிட்டமால் போதும்.

மருந்துகள் உரிய அளவுக்கு ஏறி மூன்று மாதம் ஆனதும் எக்கோவைத் திரும்ப எடுப்பார்கள். பலருக்கு 40-ஐத் தாண்டிவிடும். அப்போதும் 35-க்கு மேல் போகவில்லை என்றால் ஐ.சி.டி. கருவி பற்றிப் பேச்சு வரும். திடீர் துடிப்புக் கோளாறில் உயிர் போகாமல் காப்பதற்கான கருவி அது.

நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாலோ, இளஞ்சிவப்பாக நுரைச்சளி வந்தாலோ, நெஞ்சுவலி அல்லது மயக்கம் வந்தாலோ காலைவரை பார்க்க வேண்டாம். மயங்காமல் இருந்தால், காலைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வைத்து 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.