அடிபட்ட குழந்தைக்கு வலி மருந்து: உடனே தரலாமா?

கேள்வி: என் ஏழு வயது மகன் விளையாடும்போது கீழே விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. மருத்துவர் பார்ப்பதற்குள் வலி மருந்து கொடுத்தால் அடி எங்கே பட்டிருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும் என்று என் மாமியார் தடுத்ததால், ஒன்றும் தராமலேயே அழைத்துச் சென்றோம். அவர் சொன்னது சரிதானா?

பதில்: உங்கள் மாமியாரின் எண்ணம் ஒரு காலத்தில் மருத்துவர்களிடமே இருந்ததுதான். கடும் வயிற்று வலியோடு வருபவர்களுக்கு, அறுவைச் சிகிச்சை நிபுணர் பார்க்கும்வரை வலி மருந்தைத் தள்ளிப்போடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. பிற்பாடு ஆராய்ந்து பார்த்தபோது, மருந்து கொடுப்பதால் நோயைக் கண்டறிவது தவறிப்போவதில்லை என்று தெரிந்ததால் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. கை கால் அடியில் அந்த அச்சத்துக்கு இன்னும் குறைவான இடமே உண்டு, ஏனென்றால் முறிந்த எலும்பை எக்ஸ்ரே காட்டிவிடும், அழுத்தினால் வலிக்கும் இடமும் ஒரு வேளை மருந்தால் மறைந்துவிடாது. வலி சற்றே தணிந்த குழந்தைதான் கையைத் தொட்டுப் பார்க்க விடும் என்பதால், பரிசோதனையும் எளிதாகிறது.

எனவே சுளுக்கு, வீக்கம், முறிவு என்ற ஐயம் ஆகியவற்றுக்கு, கிளம்புவதற்கு முன்பே ஒரு வேளை மருந்து தரலாம். இத்தகைய அடிகளின் வலிக்குப் பாராசிட்டமாலைவிட ஐபுபுரூஃபன் நன்றாகக் கேட்கிறது என்பது குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தே அறியப்பட்டது. ஆயினும் சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கும், உடலில் நீர் வற்றியிருக்கும் குழந்தைக்கும், இதே மருந்தால் முன்பு மூச்சிரைப்பு வந்த குழந்தைக்கும், இரத்தம் அதிகமாகப் போகும்போதும் ஐபுபுரூஃபன் தரக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் தரவே வேண்டாம். அத்தகைய நிலைகளில் பெரும்பாலும் பாராசிட்டமாலே பொருத்தமானது. ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குத் தாமாகத் தருவதை அறவே விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அது ரே நோய்க்குறி என்னும் அரிய, கொடிய பாதிப்போடு தொடர்புடையது.

மருந்தின் அளவை வயதைவிட எடையைக் கொண்டு கணக்கிடுவதே துல்லியமானது. பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; அடுத்த வேளைக்கு 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் நான்கு வேளையைத் தாண்டக் கூடாது. ஐபுபுரூஃபன் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., இடைவெளி 6 முதல் 8 மணி நேரம். தவறு பெரும்பாலும் நேர்வது புட்டியில்தான்: ஒரு பாராசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இருக்கும், மற்றொன்றில் அதே 5 மி.லி.க்கு 250 மி.கி. இருக்கும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 240 மி.கி. தர நினைத்தால் முதல் புட்டியில் 10 மி.லி., இரண்டாவதில் 5 மி.லி.க்கும் சற்றுக் குறைவு. சமையலறைக் கரண்டியைத் தவிர்த்து, புட்டியோடு வரும் அளவுக் குப்பியையோ ஊசி இல்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதால், அவற்றின் சீட்டையும் படித்துவிட்டே கொடுங்கள். எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று குறித்துக்கொண்டு மருத்துவமனையில் சொல்லுங்கள்.

தலையில் அடிபட்டு வாந்தி எடுக்கும் குழந்தைக்கும், அரைத்தூக்கத்தில் கிடக்கும் குழந்தைக்கும் வாய்வழியாக எதையும் தராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மற்றபடி, அடிபட்ட கையை அசையாமல் தாங்கிப் பிடிப்பதும் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைப்பதும், மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே வலியைக் குறைக்கும்.

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது. அவள் வலியால் அழுகிறாளா, பயத்தால் அழுகிறாளா என்று எப்படி அறிவது?

பதில்: இந்த வயதில் சொல்லக் கேட்டு அறிய முடியாது, பார்த்துத்தான் அறிய வேண்டும். முகச் சுளிப்பு, கால்களின் நிலை, உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறாளா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பிட்டு, 10க்கு எவ்வளவு என்று மருத்துவமனைகளில் கணக்கிடுகிறார்கள். வீட்டில் எண் போட வேண்டிய அவசியமில்லை. தூக்கி அணைத்ததும் அடங்கிவிடும் அழுகையில் பயத்தின் பங்கு அதிகம்; அணைத்த பிறகும் குறையாத அழுகையிலும், ஒரு கையையோ காலையோ பயன்படுத்த மறுப்பதிலும் வலியின் பங்கு அதிகம். அழாமல் அசைவற்றுக் கிடக்கும் குழந்தையைக் கண்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள், அசைந்தால் வலிக்கும் என்று கற்றுக்கொண்ட குழந்தையும் அப்படித்தான் கிடக்கும். ஐயமாக இருந்தால் வலி என்றே கொள்ளுங்கள்.

கேள்வி: எலும்பு முறிந்த மகனுக்கு மார்ஃபின் என்னும் வலுவான வலி மருந்தைத் தரலாம் என்று மருத்துவமனையில் சொன்னபோது, பழக்கமாகிவிடுமோ என்று அஞ்சி மறுத்துவிட்டோம். அது தவறா?

பதில்: உங்கள் அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் கடுமையான வலிக்காக, எடைக்கேற்ற அளவில், மூச்சையும் இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனையும் கண்காணித்தபடி மருத்துவமனையில் தரப்படும் ஓரிரு வேளை மருந்து பிள்ளையை அடிமையாக்கிவிடாது. கோணிய எலும்பை நேராக்கும்போது எதுவும் தராமல் விடுவதே எனக்கு அதிகக் கவலை தரும். ஊசி என்றால் அலறும் குழந்தைக்கு, ஃபென்டனில் என்ற மார்ஃபின் வகை மருந்தை மூக்கில் தெளிக்கும் வசதி சில இடங்களில் உண்டு. அந்த உறுப்பை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையும் உண்டு. மறுப்பதற்கு முன், வேறு வழி எது, எவ்வளவு நேரம் கண்காணிப்பார்கள் என்று கேளுங்கள்.

கோடீன் என்ற வலி மருந்து மட்டும் வேறு கதை. சிலரின் உடல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடுவதால் குழந்தைகள் மூச்சு திணறி இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் 12 வயதுக்கு உட்பட்டோருக்குக் கோடீன் கூடாது என்று அறிவித்தது, டிரமடால் என்ற மற்றொரு வலி மருந்துக்கும் அதே தடையை விதித்தது. வீட்டில் மிச்சமிருக்கும் பெரியவர்களின் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தருவதை இதனாலேயே கண்டிக்கிறேன்.

மாவுக்கட்டு போட்டு வீடு திரும்பிய பிறகு, முதல் ஓரிரு நாள்கள் வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுத்து வாருங்கள். அப்படிக் கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ, விரலை நீட்டும்போது அலறினாலோ, கட்டுக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம் என்பதால், அடுத்த வேளை மருந்துக்குக் காத்திராமல் அந்த நேரமே, நள்ளிரவானாலும், மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.