கணையத்தை ஒட்டிய புற்றுநோய்: அறுவைக்குப் பிறகான ஆயுளை எவை தீர்மானிக்கின்றன?

கணையத் தலைப்பகுதியை ஒட்டிய புற்றுநோய்க்கு இருவருக்கும் ஒரே விப்பிள் அறுவை சிகிச்சை (கணையத் தலையையும் முன்சிறுகுடலையும் அகற்றி, எஞ்சிய கணையத்தைக் குடலோடு இணைப்பது) செய்யப்பட்டும், ஒருவர் பல ஆண்டுகள் வாழ, மற்றவருக்கு நோய் விரைவில் திரும்புவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதன்மையானது கட்டி தோன்றிய இடம். பித்தநாளமும் கணையநாளமும் சேர்ந்து முன்சிறுகுடலில் திறக்கும் ஆம்புல்லா என்ற சிறு வாயிலில் தோன்றும் கட்டி, சிறிதாக இருக்கும்போதே பித்தத்தை அடைத்து மஞ்சள் காமாலையாக வெளிப்படுவதால், பெரும்பாலும் முன்னதாகவே கண்டறியப்படுகிறது. கணையத்திலேயே தோன்றுவதோ நரம்புகளை ஒட்டி ஓசையின்றிப் பரவும் இயல்புடையது.

அடுத்து, அகற்றிய திசுவை ஆய்வகத்தில் பரிசோதித்துத் தரும் நோயியல் அறிக்கையை நிதானமாகப் படியுங்கள். எத்தனை நிணநீர் முடிச்சுகள் (புற்றுநோய் பரவக்கூடிய சிறு முடிச்சுகள்) பரிசோதிக்கப்பட்டன, அவற்றில் எத்தனையில் புற்றுச்செல்கள் இருந்தன என்ற இரண்டு எண்களும் முக்கியம். குறைந்தது 12 முடிச்சுகளாவது பார்க்கப்பட்டிருந்தால்தான் ‘பரவவில்லை’ என்ற முடிவை ஓரளவு உறுதியாக நம்பலாம். பலரும் கட்டியின் அளவை எண்ணியே கலங்குகிறார்கள். என் பார்வையில், முடிச்சுகளின் நிலையே அதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. அகற்றிய பகுதியின் வெட்டு விளிம்பில் நோய் எஞ்சாதிருப்பதும் அவசியம்.

இவ்வறுவையை அடிக்கடி செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு குறைவாக இருப்பது பல நாடுகளில் காணப்பட்டுள்ளது. கணையத்தைக் குடலோடு இணைத்த தையலில் கசிவு ஏற்பட்டால், உடல் தேறுவது தாமதமாகி, அதன்பின் தரவேண்டிய கீமோதெரபி தள்ளிப்போகிறது, சிலருக்குக் கைவிடவே நேர்கிறது; ஆதலால் அறுவைக்கு முன்பே ஊட்டத்தையும் உடல் வலுவையும் சீராக்கிக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதியே.