ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆனால் போதுமா? பழைய மோட்டர் படகு வாங்குவோருக்கு

கேள்வி: கொழும்பு 15, மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "என் மச்சான் முகத்துவாரத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறார். அவருக்காக நீர்கொழும்பில் ஒரு 18 அடி பைபர் படகும், 25 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் மோட்டரும் பார்த்தோம். இரண்டும் பழையவை. மோட்டரை முற்றத்தில் தண்ணீர் பீப்பாவுக்குள் இறக்கி ஓட்டிக் காட்டினார்கள். ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆனது. கியர் ஒயிலும் புதிதாக மாற்றியிருக்கிறார்களாம். வேறு ஆட்களும் கேட்கிறார்கள் என்று சொல்லி தரகர் 50,000 ரூபா முற்பணம் கேட்கிறார். இன்னும் என்ன பார்க்க வேண்டும்?"

பதில்: இப்போதைக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஒரே இழுவை, பீப்பாத் தண்ணீர், புது கியர் ஒயில் என்று நீங்கள் நல்ல சேதியாக எழுதியிருக்கும் மூன்றும் மோட்டரின் நிலையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. மூன்றாவது கவலைப்படவே வைக்கிறது.

சூடாக இருக்கும் டூ ஸ்ட்ரோக் மோட்டர், பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் ஒரே இழுவையில் பிடித்துக்கொள்ளும். நீங்கள் வரும் நேரம் தரகருக்குத் தெரியும். அரை மணிக்கு முன்னர் ஒருதரம் ஓட்டி நிறுத்தி வைத்தால் அவர் வேலை முடிந்தது. அடுத்தமுறை சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முந்திப் போய் நில்லுங்கள். போனவுடன் மேல்மூடியைக் கழற்றச் சொல்லி, சிலிண்டர் ஹெட்டில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த மோட்டர் சோக் இழுத்து 3, 4 இழுவைக்குள் பிடித்தால் நல்லது. கயிற்றை மச்சான் இழுக்கட்டும், விற்பவர் இழுக்கக் கூடாது. இந்த ரக மோட்டருக்குப் பெரும்பாலும் 2 சிலிண்டர். இழுக்கும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் ஒரே அளவு இறுக்கம் கைக்குத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் இறுகி மற்ற இடத்தில் வழுக்கிக்கொண்டு போனால் ஒரு சிலிண்டர் களைத்துவிட்டது.

கைக்கணக்கு போதாது, அதை அளந்து பாருங்கள். சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் பெரிய சாமானல்ல. மோட்டார் சைக்கிளுக்கு வாங்கும் 14 மில்லிமீற்றர் மரை உள்ளதே பெரும்பாலும் சரிவரும். இரண்டு ப்ளக்கையும் கழற்றுங்கள். ப்ளக் வயர்களை எஞ்சின் உடம்பில் எர்த் பண்ணுங்கள். அந்தரத்தில் விட்டு இழுத்தால் மின்பெட்டி கெட்டுப்போகும், பழி உங்கள் மேல் விழும். த்ரொட்டிலை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் 6 இழுவை. சதுர அங்குலத்துக்கு 110 இறாத்தல் ஒன்றிலும் 105 மற்றதிலும் வந்தால் பிரச்சினை இல்லை. 110, 85 என்று வந்தால் அதற்கு மேல் பேச வேண்டாம். மண்ணெண்ணெய் மோட்டரில் இரண்டுமே இதைவிடக் குறைவாக வரும். அங்கும் இரண்டுக்கும் இடையில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கழற்றிய ப்ளக்குகளை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கோப்பி நிறம் நல்லது. வெளுத்துப் போயிருந்தால் எரிபொருள் போதாமல் சூடேறியிருக்கிறது. வெள்ளிப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. துரு அல்லது நீர்த்துளி தெரிந்தால் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. ப்ளக் இரண்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். எறிந்துவிட்டோம் என்பார்கள். அப்படியானால் கடலோட்டத்துக்குப் பிறகு மறுபடி கழற்றிப் பார்ப்பது கட்டாயம்.

இனி அந்தப் புது கியர் ஒயில். மோட்டரின் கீழ்ப்பாகத்தில் கியர் இருக்கும் கூடு முழுக்கத் தண்ணீருக்குள் ஓடுகிறது. அதற்குள் உப்புத்தண்ணீர் நுழையாமல் தடுப்பது சில ரப்பர் சீல்கள்தான். சீல் போனால் ஒயில் பால் தேநீர் நிறமாகும். அந்த நிறத்தை மறைக்க மிகச் சுலபமான வழி, காலையில் ஒயிலை மாற்றிவிட்டு அதையே ஒரு சிறப்பாகச் சொல்வது. பீப்பாவில் 5 நிமிடம் ஓட்டினால் அந்த ஒயில் கலங்காது. கடலிலோ களப்பிலோ 20 நிமிடம் வேகமாக ஓட்டி, கரைக்கு வந்து மோட்டரை ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, கீழ் ஸ்குரூவைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானது, உள்ளே இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஸ்குரூ முனையில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசைபோல ஒட்டியிருப்பது சாதாரணம். விரலுக்கு நறநறவென்று தகடாகத் தட்டுப்பட்டால் கியர்ப் பல் உடைகிறது.

பால் நிறம் கண்டவுடன் எல்லா மோட்டரையும் தள்ள வேண்டியதில்லை. இந்த விதிவிலக்கைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மோட்டர்கள் இதனாலேயே கைவிட்டுப் போகின்றன, கெட்டவை இதையே சாட்டாக வைத்து விற்கப்படுகின்றன. நம் கரைகளில் சீல் போவதற்கு முக்கிய காரணம் தங்கூசி என்ற நைலோன் தூண்டில் நரம்பும் வலைநூலும். அவை புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றி, சூட்டில் இறுகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். ஆகவே புரொப்பெல்லரைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு பின்னையும் ஒரு நட்டையும் எடுத்தால் வந்துவிடும். தண்டடியில் தங்கூசி சுற்றியிருக்கிறதா, தண்டின் மேல் சீல் உரசும் இடத்தில் நகம் மாட்டும் அளவு பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தங்கூசி இருந்து, பள்ளம் இல்லாமல், வடித்த ஒயிலில் துருவோ உலோகத் துணுக்கோ இல்லாமல் இருந்தால், பழுது அண்மையில் வந்தது. சீல் மாற்றினால் சரியாகும், அந்தச் செலவை விலையில் கழிக்கலாம். ஒயில் பழுப்பாகி, ஸ்குரூ முனை துருப்பிடித்திருந்தால் தண்ணீர் மாதக்கணக்கில் உள்ளே நின்றிருக்கிறது. பெயரிங்கும் கியரும் அரித்திருக்கும். அந்த மோட்டருக்கு "ஒரு சீல் மட்டும்தான்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். புரொப்பெல்லர் கழன்றிருக்கும்போதே தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். முனை ஒரே இடத்தில் நில்லாமல் வட்டம் போட்டால் தண்டு வளைந்திருக்கிறது, சீல் மாற்றியும் பயனில்லை.

கடலோட்டம் இல்லாமல் வாங்கவே கூடாது. பீப்பாவில் ஓடும் மோட்டருக்குப் பாரம் இல்லை, அதனால் நோயும் வெளிவராது. படகில் 3 பேர் ஏறுங்கள். தென்மேல் காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை கடல் விடாது. அப்போது நீர்கொழும்புக் களப்பில் ஓட்டலாம், ஆனால் ஆழமான வழியில் மட்டும். சேற்றைக் கலக்கினால் தண்ணீர்ப் பம்ப் மண்ணை உறிஞ்சும். மோட்டரின் பக்கத்தில் பீச்சும் குளிர்நீர் ஓட்டம் தொடங்கியது முதல் கடைசிவரை ஒரே வலுவில் வர வேண்டும். விட்டு விட்டு வந்தால் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறக்கையான இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், உப்பு அடைத்தும் இருக்கலாம். இம்பெல்லர் மலிவு, உப்பு அடைத்த எஞ்சின் மலிவல்ல. முழு வேகத்தில் 10 நிமிடம் விட்டு, நின்ற பிறகு மூடியைத் திறந்து ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று கொதித்து ஆவியானால் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. மூடி திறந்திருக்கையில் மோட்டரை ஓட்டாதீர்கள், மேலே சுற்றும் சக்கரம் சட்டை நுனியைப் பிடித்து இழுக்கும்.

முன் கியர், நியூட்ரல், பின் கியர் என்று பலமுறை மாற்றுங்கள். பாரத்தில் கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் கியர்ப் பல்லின் ஓரம் மழுங்கிவிட்டது. எஞ்சின் அலறிப் படகு முன்னே போகாவிட்டால் புரொப்பெல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. கையில் கட்டும் சிவப்புக் கயிற்றை ஓடும்போதே இழுங்கள், எஞ்சின் உடனே நிற்க வேண்டும். நில்லாவிட்டால் அதைத் திருத்தாமல் யாரும் கடலுக்குப் போகக் கூடாது.

மச்சான் மண்ணெண்ணெய் போட்டு ஓட்டப் போகிறாரென்றால் மோட்டர் அதற்கென்று செய்யப்பட்டதா என்று பாருங்கள். யமஹாவில் மாதிரிப் பெயரிலேயே அதைக் குறிக்க "கே" எழுத்து வரும். பெற்றோல் மோட்டரின் ஹெட்டுக்கு அடியில் இன்னொரு கேஸ்கட் வைத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது பரவலான கைவேலை. எண்ணெய் முழுதாக எரியாமல் கரி படிந்து ரிங் ஒட்டிக்கொள்ளும். புகைபோகும் வாயைச் சுற்றிக் கருத்த பிசுக்கு வழிந்திருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது தொழிலை விட்டுப் படகைக் கரையில் ஏற்றியவர்கள் உண்டு. அப்படிக் கிடந்த மோட்டரின் காபரேட்டருக்குள் பழைய கலவை பசையாகி, எரிபொருள் வரும் சிறு துளையான ஜெட்டை அடைத்திருக்கும். துடைத்துப் பெயின்ற் அடித்த மோட்டர் என்றால் எப்போது கடைசியாகத் தொழிலுக்குப் போனது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். மூடிக்குள்ளும் பெயின்ற் அடித்திருந்தால் வேண்டாம்.

படகில் முதலில் பார்க்க வேண்டியது மோட்டர் மாட்டும் பின்பலகை. வெளியே பைபர், உள்ளே பலகை. மோட்டரைப் பூட்டிய ஆணித் துளைகளை ஒழுங்காக அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, பலகை வெளியே தெரியாமல் உக்கும். மோட்டரைப் பாதி தூக்கி வைத்து, அதன் கீழ்முனையை ஒருவர் மேலும் கீழும் அழுத்தட்டும். பின்பலகை மோட்டரோடு சேர்ந்து அசைகிறதா என்று மற்றவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிறகு ஸ்குரூ ட்ரைவரின் பிடியால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டாக முழுப் பலகையையும் தட்டுங்கள். டக் டக் என்ற கூர்மையான ஒலி நல்லது, நனைந்த பெட்டியைத் தட்டுவதுபோல மொத்தென்று கேட்டால் உள்ளே உக்கியிருக்கிறது. ஆணியடியில் பழுப்புத் தண்ணீர் கசிந்த தடம் இருந்தால் தட்டிப் பார்க்கவே தேவையில்லை. இன்னும் சந்தேகம் என்றால் உரிமையாளரின் சம்மதத்தோடு உட்பக்கம் கீழே 6 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். உலர்ந்து வெளிறிய தூள் வர வேண்டும். துளையை அன்றே ரெசின் வைத்து அடைக்கலாம். சம்மதிக்க மறுப்பவரிடம் விலையைக் குறைத்தும் வாங்காதீர்கள், பின்பலகையை மாற்றுவது படகின் பின்பாகத்தையே அறுக்கும் வேலை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவசரத்தில் வார்த்த படகுகள் இன்னும் கைமாறுகின்றன. பைபர் மெலிந்த இடம் கையால் அமுக்கினால் உள்ளே போகும். படகின் முன்முனையான அணியத்தின் அடியையும் அடிப்பாகத்தையும் அமுக்கிப் பாருங்கள்.

மோட்டர் திருத்தும் பாஸை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். தரகர் கூட்டிவரும் பாஸ் தரகரிடம்தான் காசு வாங்குகிறார். அவருடைய "நல்ல மோட்டர்" என்ற சொல்லுக்குப் பெறுமதி இல்லை. "வேறு ஆள் வருகிறார்" என்ற அவசரம் நீங்கள் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான். முற்பணம் கொடுத்த பிறகு குறை கண்டால் அந்தக் காசு திரும்பி வராது, கொடுத்ததற்கு எழுத்தும் இருக்காது.

பத்திரங்கள். மோட்டரின் தொடரிலக்கம் படகில் பூட்டும் கவ்வியில் தகடாக இருக்கும். பல ரகங்களில் எஞ்சின் உடம்பில் அடித்த வட்டமான மூடியிலும் அதே இலக்கம் வெட்டியிருக்கும். தகடு கழன்றிருந்தால், இரண்டும் ஒத்துவராவிட்டால், சுரண்டிய தடம் இருந்தால், அது திருட்டு மோட்டராகவோ இரண்டு மோட்டரைச் சேர்த்துக் கட்டியதாகவோ இருக்கலாம். வாங்கிய பற்றுச்சீட்டில் உள்ள இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். மானியத்திலோ கடனிலோ எடுத்ததா என்று அந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். படகின் பதிவிலக்கம் அணியத்தின் இரு பக்கமும் எழுதியிருக்கும், அதன் கடைசி எழுத்துகள் மாவட்டத்தைக் காட்டும். அந்த இலக்கத்தோடு மாவட்ட கடற்றொழில் அலுவலகத்துக்குப் போய், யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுக்குப் பதிவு கட்டாயம். ஆனால் வாங்குபவர் ஒரு மோட்டரின் இலக்கத்தை வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கும் வசதியை இத்தனை காலத்துக்குப் பிறகும் செய்து தராதது நியாயமே இல்லை. ஒரு கையெழுத்துக்காக வேலை நாளை விட்டு அலைய வேண்டியிருப்பதால்தான் "ஓப்பன் பேப்பர்" தருகிறேன் என்று சொல்லும் தரகர்களுக்கு வியாபாரம் நடக்கிறது. கையெழுத்திட்ட வெற்றுத்தாளை வாங்காதீர்கள். விபத்து நடந்தாலோ, மானியம் வந்தாலோ, அந்தப் படகு இன்னும் பழைய ஆளுடையதுதான்.

உரிமையாளரின் அடையாள அட்டையும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால், அவரோடு அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்ற விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்து வைத்த பிறகு, மோட்டர் இலக்கமும் படகு இலக்கமும் எழுதிய பற்றுச்சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு முழுத் தொகையையும் அவரிடம் கொடுங்கள். தரகரின் கூலியை உரிமையாளரே கொடுத்துக்கொள்ளட்டும்.