பேசுவதும் கதைப்பதும்

மதுரையிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்து மூன்று மாதமாகிறது என்றும், புறப்படுவதற்குச் சற்று முன்புதான் 34 வயதில் ஆட்டிசம் இருப்பதாகச் சென்னையில் உறுதிசெய்தார்கள் என்றும் எழுதி, இங்கே யாரிடம் போவது, அலுவலகத்தில் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. நான் திருச்சிக்காரி, திருமணமாகி 2010இல் கொழும்பின் வெள்ளவத்தைக்கு வந்தவள். எனக்கும் இதையேதான் சொன்னார்கள், 41 வயதில், இந்த ஊரில் வைத்து. அதனால் எனக்கு நடந்ததிலிருந்தே சொல்கிறேன்.

வேறு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் ஏற்படும் ஒரு சிக்கல் இதில் உண்டு. இங்கே நீங்கள் எதைப் பிசகிச் செய்தாலும் ‘அவர் இந்தியா, அப்படித்தான்’ என்று பெருந்தன்மையாக விட்டுவிடுவார்கள். வந்த புதிதில் உடன் வேலைபார்த்த ஒருவர், “நேற்று மனேஜர் என்னை நல்லாப் பேசிப்போட்டார்” என்றபோது, நான் மகிழ்ச்சியோடு “நல்லதுதானே, என்ன பேசினார்?” என்று கேட்டேன். இங்கே பேசுவதென்றால் திட்டுவது. நாம் பேசுவது என்பதை இவர்கள் கதைப்பது என்பார்கள். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது மொழியால் வந்த பிழை. ஆனால் அதைச் சொன்னபோது அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். அது மொழியால் வந்ததல்ல. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து மன்னித்துவிட்டார்கள், நானும் அப்படியே நம்பிக்கொண்டேன், அதில் ஒன்பது ஆண்டுகள் போயின.

பெரியவர்களுக்கான ஆட்டிசம் பிரிவு என்று பெயர்ப்பலகை தேடி அலையாதீர்கள். ஆட்டிசம் என்றதும் இங்குள்ளவர்கள் குழந்தைகளைத்தான் நினைப்பார்கள். சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு வழி சொல்வார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பெரியவர்களுக்கான மனநல மருத்துவரை. தனியார் வைத்தியசாலையில் முன்பதிவு செய்வதை இங்கே ‘சனல் பண்ணுவது’ என்பார்கள். எனக்கு 23ஆம் எண் கிடைத்தது; விட்டுவிட்டு மினுக்கிய குழல்விளக்கின் கீழ் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்து உள்ளே போனால், “கலியாணம் முடித்து உத்தியோகமும் பார்க்கிறீர்கள், உங்களுக்கு எப்படி ஆட்டிசம் வரும்?” என்று ஆறு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அடுத்துப் பார்த்தவர் மூன்று முறை வரச்சொல்லி, திருச்சியில் இருந்த என் அம்மாவையும் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். புளியங்கொட்டைகளை அளவுவாரியாக அடுக்கி வைத்து, ஒன்று நகர்ந்தாலும் நான் அழுததையும், தவிலோசை தாங்காமல் கல்யாண மண்டபத்துக்கு வெளியே செருப்புகளோடு உட்கார்ந்திருந்ததையும், அதுவரை குறும்பு என்று மட்டுமே நினைத்திருந்த அம்மா அன்றைக்குத்தான் விவரமாகச் சொன்னார். மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான, 2013இல் வெளிவந்த டிஎஸ்எம்-5இன் வரையறைப்படி அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் வாழ்க்கையின் நெருக்கடி ஒருவரின் சமாளிக்கும் திறனை மீறும்வரை அவை வெளியே தெரியாமலும் இருக்கலாம் என்று அதே வரையறை சொல்கிறது. முதலாமவர் மறந்துவிட்டது இந்த இரண்டாம் பகுதியைத்தான்.

உங்கள் கையில் அறிக்கை இருப்பதால் பாதி வேலை முடிந்தது. ஆட்டிசத்துக்கென்று மருந்து கிடையாது; ஆனால் அதோடு ஒட்டிவரும் பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இவற்றில் எது உங்களை வாட்டுகிறது, எப்போது, எவ்வளவு நேரம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் நம்மைப் போன்றவர்கள் தேவையில்லாத ஒன்றை விரிவாகச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். தொடர்ந்து கதைப்பதற்கு உளவளத்துணையாளர் வேண்டும். (இந்தச் சொல்லை இங்கே வந்துதான் கற்றேன், நம்மூரில் கவுன்சிலர் என்றால் குடிநீர்க் குழாய் போட்டுத்தரும் வார்டு உறுப்பினர்தான் நினைவுக்கு வருகிறார்.) ஆட்டிசம் உள்ள பெரியவர்களோடு பழகிய, தமிழில் கதைக்கக்கூடிய ஒருவரை இங்கே கண்டுபிடிப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. ஆகவே சென்னையில் உங்களைப் பார்த்த உளவியலாளரைக் காணொளி வழியாகத் தொடர முடியுமா என்று முதலில் கேளுங்கள். இரண்டு நாட்டிலும் மணி ஒன்றே என்பதால் நேரக் குழப்பம் இராது. தாங்க முடியாத இரவுகளுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பில், அறிவுரை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அலுவலக விஷயத்தில் சட்டத்தை நம்பி இறங்காதீர்கள். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லியே 21 வகைக் குறைபாடுகளுள் சேர்த்திருக்கிறது. ஆனால் அது எல்லை தாண்டி வராது. மாற்றுத்திறனாளிகளுக்கான இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது என்றாலும், வாழ்க்கைத் தேவைகளைத் தானாக நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் என்று அது தரும் விளக்கத்துக்குள் சம்பளம் வாங்கும் நம்மைப் பொருத்துவது கடினம். எனவே நான் பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேட்டேன்: கூட்டத்தில் என்ன கதைக்கப்போகிறோம் என்பது முதல்நாளே எழுத்தில் வேண்டும், வாய்மொழியாகச் சொல்லும் வேலையை மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும், கதவோரத்து இருக்கை வேண்டாம். மூன்றும் கிடைத்தன. ஓராண்டு கழித்து, என் மேலாளரிடம் மட்டும் பெயரையும் சொன்னேன். நீங்கள் ஒப்பந்தத்தில் வந்திருப்பதால், அது நிரந்தரமாகும் வரை பொறுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

வீடு பார்க்கும்போது, காலி நகருக்குப் போகும் பெருஞ்சாலையான காலி வீதியை ஒட்டி எடுக்காதீர்கள்; பஸ்களின் ஹோர்ன் நள்ளிரவுக்கு முன் ஓயாது. கடற்கரைப் பக்க ஒழுங்கைகள், அதாவது சந்துகள், அமைதி என்பார்கள், ஆனால் அங்கே ரயில் இருக்கிறது. எங்கே எடுத்தாலும் பீத்தோவனின் மெட்டைக் கீச்சுக் குரலில் பாடிக்கொண்டு, ரொட்டி விற்கும் சூன் பாண் ஓட்டோ வரும். முதல் ஆண்டு அந்தச் சத்தம் கேட்டாலே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். எங்கள் ஒழுங்கைக்கு அது மாலை நாலே முக்காலுக்கு வரும் என்று தெரிந்த பிறகு சத்தம் குறையவில்லை, பயம் போய்விட்டது. இப்போது இறங்கிப்போய் மாலுபாண் என்ற மீன் பன் வாங்குகிறேன்.

இங்கே ‘ஒருநாளைக்கு வீட்டுப் பக்கம் வாங்கோ’ என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் அழைப்பல்ல, விடைபெறும் முறை. நான் அழைப்பது அப்படியல்ல. வருகிற சனிக்கிழமை மாலை நாலரைக்கு வாருங்கள். வீட்டில் நானும் கணவரும் மட்டுமே இருப்போம், தொலைக்காட்சி ஓடாது, ஐந்தரைக்கு நீங்கள் எழுந்து போனால் யாரும் தடுக்க மாட்டோம்.